ஸ்பிரிங்கா, காஸா, காற்றுச் சிலிண்டரா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. கோடை விடுமுறையில் வேலூரில் ஒரு பயிற்சி முகாமில் பத்து மீட்டர் ஏர் ரைபிள் சுட்டுப் பார்த்தாள். அன்றிலிருந்து சொந்தமாக ஒன்று வேண்டும் என்கிறாள். வாங்கித் தருவதாக என் தம்பி சொல்கிறான். கார்பன் டை ஆக்சைடு போட்டுச் சுடும் ரகம்தான் விலைக்கு ஏற்றது என்பது அவன் கட்சி. என் கணவர் பழைய மாதிரி ஸ்பிரிங் துப்பாக்கி போதும் என்கிறார். சென்னைக் கடையில் விசாரித்தால், "ஸ்பிரிங் காலமெல்லாம் போச்சு மேடம், பி.சி.பி. எடுங்க" என்கிறார்கள். வீடு குடியாத்தம். மொட்டை மாடி பன்னிரண்டு மீட்டர் நீளம் இருக்கும். மாந்தோப்பில் கிளித் தொல்லைக்கும் அது உதவுமா என்று மாமியார் கேட்கிறார். எதை வாங்குவது?
- குடியாத்தம் வாசகி

பதில்: மூன்று பேர் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் குடியாத்தத்தில் இருந்துகொண்டு அந்தத் துப்பாக்கிக்குக் காற்றை எங்கே நிரப்புவீர்கள், காற்று கசியாமல் அடைக்கும் சீல் போனால் யார் கையில் கொடுப்பீர்கள் என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை. ஏர் ரைபிள் பழுது பார்ப்பதும் பிள்ளைகளுக்குச் சுடக் கற்றுக்கொடுப்பதும் என் வேலை. வாங்கி ஆறு மாதத்தில் அலமாரிக்குப் போகும் துப்பாக்கிகளை நிறையப் பார்க்கிறேன். பெரும்பாலும் அவற்றில் துப்பாக்கியின் மேல் குறை இருக்காது. காற்று கிடைக்காது, அவ்வளவுதான்.

முதலில் 'பவர்' என்ற பேச்சை முடித்துவிடலாம். பத்து மீட்டர் போட்டி ரைபிள் அரை கிராமுக்குச் சற்றே கூடிய, தலை தட்டையான ஈயப் பெல்லட்டை, அதாவது குண்டை, நொடிக்கு 170, 175 மீட்டர் வேகத்தில் தள்ளும். ஆற்றல் கணக்கில் ஏழரை, எட்டு ஜூல். ஒலிம்பிக்கில் சுடுவதும் இதே அளவில்தான். இலக்கின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம். அதைத் தொட வேண்டுமானால் ஒவ்வொரு பெல்லட்டும் முந்தைய பெல்லட்டின் வேகத்திலேயே போக வேண்டும். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது இந்த ஒழுங்கைத்தான்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. நம் நாட்டில் பாரலின், அதாவது குழலின், துளை 4.5 மில்லிமீட்டருக்குள், அதாவது .177 அங்குல அளவுக்குள் இருந்து, ஆற்றலும் 20 ஜூலைத் தாண்டாத ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. இரண்டில் ஒன்று மீறினாலும் உரிமம் வேண்டும். கடைகளில் பெட்டி மேல் 'நொடிக்கு 1,000 அடி', '1,200 அடி' என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். வழக்கமான 0.53 கிராம் பெல்லட் நொடிக்கு 900 அடி வேகம் எடுத்தாலே 20 ஜூல் வந்துவிடும். 1,000 அடி என்றால் 24-ஐத் தாண்டும். ஆகவே அந்தப் பெட்டிக்கு மூன்றே விளக்கம்தான்: எடை குறைந்த அலாய் பெல்லட் போட்டு அளந்திருக்கிறார்கள், அல்லது பெட்டி பொய் சொல்கிறது, அல்லது அது உரிமம் வேண்டிய ஆயுதம். மூன்றில் எதுவானாலும் உங்களுக்கு வேண்டாம். "கொஞ்சம் பெருசா .22 எடுத்துடலாமே" என்று யாராவது ஆரம்பித்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். போட்டி விதி 4.5 மில்லிமீட்டர்தான், .22-க்கு உரிமமும் வேண்டும்.

சரி, ஸ்பிரிங்குக்கு வருவோம். உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் பலூன் சுடும் கடை போடுவார்களே, அங்கே இருப்பது இந்த ரகம். பாரலை மடக்கினால் உள்ளே தடித்த ஸ்பிரிங் சுருங்கிப் பூட்டிக்கொள்ளும். டிரிகரை இழுத்ததும் ஸ்பிரிங் பாய்ந்து பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் காற்றை நசுக்க, நசுங்கிய காற்று பெல்லட்டைத் தள்ளும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு ஓங்கிக் குத்துவது மாதிரி. வெளியிலிருந்து எதுவும் நிரப்ப வேண்டாம். பெல்லட் டப்பா இருந்தால் போதும், ஜவ்வாது மலை உச்சியில் உட்கார்ந்துகூடச் சுடலாம். உங்கள் கணவர் கண்ணில் பட்டது இந்த வசதி. அதில் தப்பில்லை.

குழந்தைக்கு இதில் இரண்டு சிக்கல். பெல்லட் பாரலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே உள்ளே கனமான பிஸ்டன் ஓடி மோதுவதால் துப்பாக்கி முதலில் ஒரு பக்கம் அசையும், உடனே மறுபக்கம் உதறும். பிடித்திருக்கும் விதம் கொஞ்சம் மாறினாலும் குண்டு வேறு இடத்தில் விழும். பெரியவர்களுக்கு இது நல்ல பயிற்சி என்று சொல்பவர்கள் உண்டு. சுட்டு முடித்த பிறகும் கை அசையாமல் நிற்கப் பழக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் புதிதாகக் கற்கும் பிள்ளைக்குத் தன் தப்பு எது, துப்பாக்கியின் உதறல் எது என்று பிரித்தறியத் தெரியாது. நாலு நாள் குண்டு கண்ட இடத்தில் விழுந்தால் ஐந்தாம் நாள் ஆசை போய்விடும்.

இரண்டாவது, மடக்கும் வேலை. முன்பு பெண்களுக்குப் போட்டியில் நாற்பது சுடுதல்தான் இருந்தது. 2018 முதல் ஆண்களைப் போல அறுபது. மின்னணு இலக்கில் அதற்கு 75 நிமிடம். பயிற்சியிலும் அந்த அளவுக்குச் சுட்டாக வேண்டும். பலம் கூடிய ஸ்பிரிங் துப்பாக்கியை ஒரு மணி நேரத்தில் அறுபது முறை மடக்கினால் 13 வயதுத் தோள் என்னவாகும்? முப்பதாவது குண்டிலேயே கை நடுங்கும், நடுங்கும் கையால் குறி பார்க்க முடியாது. ஸ்பிரிங்தான் என்று முடிவானால் பத்து ஜூலுக்குக் கீழே, மடக்க இலகுவாக, டிரிகர் மிருதுவாக இருப்பதைத் தேடுங்கள். கடையில் அவள் கையாலேயே பத்து முறை மடக்கச் சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் மடக்கிக் காட்டுவது கணக்கில் வராது. பெல்லட் வைக்கும்போது மறு கை பாரலை விடக்கூடாது. பூட்டு நழுவினால் பாரல் எகிறி விரலை நசுக்கிவிடும்.

ஸ்பிரிங் துப்பாக்கியைப் பெல்லட் இல்லாமல் சுடவே கூடாது. பிஸ்டனுக்கு எதிர்ப்பு இல்லாமல் போய் முட்டி, சீல் கிழியும். மடக்கி வைத்துவிட்டுச் சாப்பிடவும் போகக்கூடாது. அப்புறம் எண்ணெய். துருப்பிடிக்கிறது என்று தையல் மிஷின் எண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் காற்று போகும் துளையில் விட்டு எடுத்து வருகிறார்கள். காற்று நசுங்கும்போது கிளம்பும் சூட்டில் அந்த எண்ணெய் பற்றி வெடிக்கும். சத்தம் பெரிதாக வருவதைக் கேட்டு 'பவர் ஏறிடுச்சு' என்று சந்தோஷப்படுவார்கள். சீல் வெந்துகொண்டிருக்கும். வெளி உலோகத்துக்கு எண்ணெய்த் துணி போதும். உள்ளே போடுவதானால் அதற்கென்றே விற்கும் சிலிக்கான் எண்ணெயில் ஒரு சொட்டு, அதுவும் அபூர்வமாக.

ஸ்பிரிங்குக்குப் பதில் நைட்ரஜன் அடைத்த குழாய் வைத்த 'காஸ் ராம்' ரகமும் கடையில் காட்டுவார்கள். உதறல் சற்று மட்டுப்படும், மடக்கிக் கொஞ்ச நேரம் வைத்தாலும் கெடாது. ஆனால் மடக்குவது அதே பாரம்தான். காஸ் கசிந்துவிட்டால் உள்ளூரில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இவளுக்கு அது தேவையில்லை.

உங்கள் தம்பியின் கட்சிக்கு வருகிறேன். கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வெயிலைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கார்பன் டை ஆக்சைடு குப்பிக்குள் திரவமாக இருக்கும். அதன் மேல் நிற்கும் ஆவியின் அழுத்தம்தான் பெல்லட்டைத் தள்ளுகிறது. திரவம் மிச்சம் இருக்கும்வரை, எத்தனை சுட்டாலும் அழுத்தம் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும். உதறல் கிடையாது, மடக்கும் பாரமும் கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் உலகப் போட்டிகளிலேயே இந்த ரகம் ஓடியது.

ஆனால் அந்த அழுத்தம் முழுக்க முழுக்க வெப்பநிலையைப் பொறுத்தது. அழுத்தத்தை அளக்கும் அலகான 'பார்' கணக்கில், 20 டிகிரியில் 57 பார் இருக்கும். 30 டிகிரியில் 72 ஆகிவிடும். மார்கழிக் காலையில் சுட்ட அதே ரைபிள் மாசி மத்தியானத்தில் வேறு ரைபிள், குண்டு மேலே ஏறி விழும். 31 டிகிரியைத் தாண்டினால் கதை இன்னும் மாறுகிறது. அந்தச் சூட்டுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு திரவமாகவே இருக்காது. திரவம் இல்லை என்றால், மேலே சொன்ன 'ஒரே அளவு அழுத்தம்' என்ற ஒரே நன்மையும் போயிற்று. வேலூர் வட்டாரத்தில் கோடையில் 40 டிகிரி தாண்டுவது அதிசயமா? பங்குனியிலிருந்து ஆடிவரை, ஏசி இல்லாத அறையில் 31-க்குக் கீழே எத்தனை மணி நேரம் கிடைக்கும்? சூடு மிஞ்சினால் அழுத்தம் எகிறி, வால்வைத் திறக்கும் சுத்தியல் அதைத் தள்ள முடியாமல் நின்றுவிடுவதும் உண்டு. அதற்கு நேர் எதிராக, வேகவேகமாகச் சுட்டால் குப்பி குளிர்ந்து வேகம் இறங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் இந்தக் குப்பிகளை வைக்கவே கூடாது.

குளிர் நாட்டில் உள்ளரங்கில் சுடுபவர்களுக்கு அது சரி. பலூன், டப்பா என்று விளையாட்டாகச் சுடுபவர்களுக்கும் சரி. பாலாற்றங்கரையில் புள்ளி எண்ணிச் சுட நினைக்கும் பிள்ளைக்கு வேண்டாம். 12 கிராம் குப்பிகளைத் தொடர்ந்து வாங்கும் செலவையும் தம்பி கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். சோடா கம்பெனி சிலிண்டரிலிருந்து நிரப்பிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். எடை பார்த்து நிரப்பத் தெரியாதவர் கையில் அது ஆபத்து. குப்பி நிறைய திரவத்தை அடைத்துவிட்டால், சூடேறும்போது அது விரிய இடம் இருக்காது.

இனி கடைக்காரர் சொன்ன பி.சி.பி. முன்கூட்டியே அழுத்திய காற்றைச் சிலிண்டரில் வைத்திருக்கும் ரகம். இன்று உயர்மட்டப் போட்டியில் எல்லோரும் சுடுவது இதைத்தான். வால்தர், பைன்வெர்க்பாவ், ஸ்டேயர், ஆன்ஷுட்ஸ் என்று ரைபிள் கம்பெனிகளை உங்கள் மகள் ஏற்கெனவே பெயர் ஒப்பித்திருப்பாள். கடலூரில் பிறந்த ஏர் ரைபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் படம் அவள் அறைச் சுவரில் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கும். ரெகுலேட்டர் ஒவ்வொரு சுடுதலுக்கும் ஒரே அளவு காற்றை மட்டும் அளந்து விடும். உதறல் அறவே இல்லை. பெரிய சிலிண்டரை ஒருமுறை நிரப்பினால் இருநூறு சுடுதலை ஒட்டி வரும், ஜூனியர் சிலிண்டரில் குறையும். பெல்லட் இல்லாமல் டிரிகர் பழகவும் போட்டி ரைபிள்களில் வசதி உண்டு. வீட்டில் சுவரைப் பார்த்து நின்று சத்தமில்லாமல் பழகலாம். வளரும் பிள்ளைக்கு அந்தப் பயிற்சி மிக நல்லது.

ஆக, கடைக்காரர் சொன்னது சரி. சென்னையில் இருப்பவருக்கு. நிரப்புவதற்கு மூன்று வழிதான். ஒன்று, கைப்பம்பு. பார்க்கச் சைக்கிள் பம்பு போலத்தான் இருக்கும். 150 பாரைத் தாண்டியதும் உங்கள் முழு எடையையும் போட்டு அமுக்க வேண்டும். அரைச் சிலிண்டரை நிறைக்கவே நூறு குத்து, சில சமயம் அதற்கும் மேல் ஆகும். நடுவில் பம்பை ஆறவிட வேண்டும். அவளால் முடியாது, வீட்டில் ஒரு பெரியவர் வாரத்துக்கு இரண்டு முறை செய்தாக வேண்டும். இரண்டு, கடலில் மூழ்குபவர்கள் முதுகில் மாட்டும் பெரிய சிலிண்டர். அதை வாங்கி வைத்தாலும் தீர்ந்ததும் எங்கேயாவது நிரப்ப வேண்டும், குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதனைக்கும் அனுப்ப வேண்டும். நம் ஆற்றில் மூழ்கத் தண்ணீரே இல்லாதபோது நம் ஊரில் அந்தக் கடை எங்கே இருக்கப் போகிறது? மூன்று, உயர் அழுத்தக் கம்பிரஸர். அது பயிற்சிக் கூடங்களுக்கான செலவு, வீட்டுக்கானது இல்லை. பஞ்சர் கடைக் கம்பிரஸர் பத்துப் பன்னிரண்டு பாரோடு நின்றுவிடும், அதை நம்பாதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தயவுசெய்து இதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். வெல்டிங் பட்டறையிலும் மருத்துவமனைகளுக்குச் சிலிண்டர் கொடுக்கும் இடங்களிலும் ஆக்சிஜன் கிடைக்கும். "அதுவும் காற்றுதானே, கொஞ்சம் ஏத்திக்கலாம்" என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் ஆக்சிஜன் துளி எண்ணெயைத் தொட்டாலும் வெடிக்கும், துப்பாக்கி குழந்தையின் கன்னத்தோடு ஒட்டியிருக்கும் பொருள். பி.சி.பி. சிலிண்டரில் போக வேண்டியது ஈரமில்லாத சுத்தமான காற்று மட்டும். நிரப்பும் வாயில் எண்ணெய், கிரீஸ் எதுவும் படக்கூடாது.

வெயில் இதையும் விடாது. 25 டிகிரியில் 200 பார் நிரப்பிய சிலிண்டர், மூடிய காருக்குள் 60 டிகிரி ஏறினால் 220-ஐத் தாண்டும். கோடையில் கொஞ்சம் குறைத்தே நிரப்புங்கள், வண்டியில் விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போகாதீர்கள். சிலிண்டரில் தயாரித்த தேதி பொறித்திருக்கும். ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் பத்து ஆண்டு ஆயுள் கொடுக்கிறார்கள். பழைய ரைபிள் மலிவாக வந்தால் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள். சிலிண்டர் காலாவதியாகியிருந்தால் புதியதன் விலையையும் சேர்த்துத்தான் அது மலிவா என்று சொல்ல முடியும்.

உங்களிடம் யாருமே சொல்லாத நாலாவது ரகம் ஒன்று உண்டு, ஒற்றை நெம்பு ரைபிள். பக்கவாட்டில் ஒரு நெம்புகோல் இருக்கும். அதை ஒருமுறை திறந்து மூடினால் ஒரு சுடுதலுக்கு வேண்டிய காற்று அழுத்தப்பட்டுத் தயாராக நிற்கும். சிலிண்டர் இல்லை, குப்பி இல்லை, பம்பு இல்லை. காற்று ஏற்கெனவே நசுங்கி நிற்பதால் டிரிகர் இழுக்கும்போது உள்ளே எதுவும் ஓடி மோதாது. ஆகவே ஸ்பிரிங்கின் உதறல் இதில் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு காற்றுதான் உள்ளே போகிறது, அதனால் வேகமும் மாறாது. ஏர் ரைபிள் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1984-ல். அந்தக் காலத்துப் போட்டி ரைபிள்களில் இந்த ரகம் உச்சத்தில் இருந்தது. பைன்வெர்க்பாவ் 600 வரிசை இன்னும் பல பயிற்சிக் கூடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. குறை என்றால் நெம்புகோலை மூடுவதற்குக் கொஞ்சம் கைபலம் வேண்டும், காற்றை ஏற்றி வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது, சில ஆண்டுக்கு ஒருமுறை சீல் மாற்ற வேண்டும். புதிதாகக் கிடைப்பது அரிது. பழையது யாராவது விற்றால்தான் உண்டு. குடியாத்தம் மாதிரி காற்று நிரப்ப வழியில்லாத ஊருக்கு, என் கணக்கில், இதைவிடப் பொருத்தமான ரகம் கிடையாது.

உங்களுக்கு என் முடிவு இது. மூன்று மாதம் எதையும் வாங்காதீர்கள். வாரம் இரண்டு நாள் வேலூருக்கு அழைத்துவந்து பயிற்சிக் கூடத்து ரைபிளிலேயே சுடட்டும். அவள் உயரமும் கை நீளமும் இன்னும் மாறும், எந்த ரைபிள் கட்டை அவள் தோளுக்குச் சரிப்படும் என்றும் தெரியவரும். மூன்று மாதம் கழித்தும் பஸ் ஏற அவளே அவசரப்படுத்தினால், வேலூர்ப் பயிற்சி தொடரும் என்ற உறுதி இருந்தால், கூடத்திலேயே காற்று நிரப்பித் தருவார்கள் என்றால், உள்நாட்டில் செய்த போட்டி ரக பி.சி.பி. எடுங்கள், கூடவே ஒரு உபரிச் சிலிண்டரும். வெள்ளிக்கிழமை நிரப்பி எடுத்துப் போனால் வாரம் முழுதும் வீட்டில் ஓடும். இறக்குமதி ரைபிள் இரண்டு லட்சத்தைத் தாண்டும், இப்போதைக்கு அந்தப் பக்கம் போகவே வேண்டாம். வேலூர் வருவது நடக்காது, வீட்டில்தான் பயிற்சி என்றால் பழைய ஒற்றை நெம்பு ரைபிளைத் தேடுங்கள். வாங்குமுன் சர்வீஸ் தெரிந்த ஒருவரிடம் காட்டி, பத்து மீட்டரில் ஐந்து குண்டு சுட்டு ஒரே துளையில் விழுகிறதா என்று பாருங்கள். அதுவும் கிடைக்கவில்லை என்றால் உங்கள் கணவர் சொன்ன ஸ்பிரிங், நான் மேலே சொன்ன இலகு ரகமாக.

எதுவானாலும் வாங்குவது 18 வயது நிறைந்த பெரியவராக இருக்க வேண்டும். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்து, பில்லைப் பத்திரமாக வையுங்கள். வெளியே எடுத்துப் போகும்போது உறையில் போட்டு, பில் நகலோடு எடுத்துப் போங்கள்.

மாடியைப் பற்றி. நீளம் போதும், ஆனால் இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பெல்லட் கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் தெருக்கள் கடந்து போகும். சிமெண்ட் சுவரில் பட்டால் திரும்பித் தெறிக்கும். சுட்ட குண்டைத் தாங்கிப் பிடிக்க, உள்ளே இரும்புத் தகட்டைச் சாய்த்து வைத்த பெல்லட் பெட்டி வாங்கி, அதற்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மேல் கனமான பலகை நிறுத்துங்கள். பக்கத்து மாடியில் துணி காயப்போட ஆள் ஏறும் நேரத்தில் பயிற்சி கிடையாது. கண்ணுக்குக் கண்ணாடி. ஈயம் என்பதால் முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் தின்பண்டம். துப்பாக்கி ஓரிடத்திலும் பெல்லட் வேறிடத்திலும் பூட்டில் இருக்கட்டும், சாவி உங்களிடம்.

மாமியாரிடம் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள். கிளியும் மயிலும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. சுட்டால் வழக்கு, துப்பாக்கியும் பறிபோகும், உங்கள் மகளின் விளையாட்டு வாழ்க்கையும் அதோடு சேர்ந்து போகும். மாமரத்துக்கு வலை போடுங்கள், அல்லது காய்க்குக் காகிதப் பை கட்டுங்கள்.

தம்பி வாங்கித் தருவதாக ஆசையாகச் சொல்கிறார், அவரை ஏமாற்ற வேண்டாம். தாய்மாமன் சீராக இப்போதைக்கு ஐநூறு உருப்படி உள்ள தட்டைத்தலைப் பெல்லட் டப்பா நாலைந்தும், சுடும்போது போடும் கையுறையும், ஒரு நல்ல பெல்லட் பெட்டியும் வாங்கித் தரட்டும். மூன்று மாதம் கழித்து எந்த ரைபிள் வந்தாலும் அவையெல்லாம் வேண்டியிருக்கும். பெல்லட் மட்டும் கூடத்தில் அவள் இப்போது சுடும் அதே பிராண்டாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.